படகு இஞ்சினில் ஒட்டிய ஒயிலை பெயின்ட் கெடாமல் கழுவுவது எப்படி

படகு இஞ்சினின் பெயின்ட்டை ஒயில் கெடுத்ததைவிட, அந்த ஒயிலை எடுக்கப்போன நாங்கள் கெடுத்ததுதான் அதிகம். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் ஒயிலையும் உப்புத் தண்ணீரையும் வருடக்கணக்கில் தாங்கும். ஒயிலில் ஒட்டிய மணலோடு சேர்த்துத் தேய்த்தால் தாங்காது. தின்னர் பட்டாலும் தாங்காது.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் இந்த மணலுக்குத் தப்பவே முடியாது. நாவலடியிலும் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் வள்ளத்தை மணலில்தான் இழுத்து ஏற்றுகிறோம். இஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து மணலில்தான் சாய்த்து வைக்கிறோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சும்மா நிற்கிற இஞ்சினிலும் ஒரு படை புழுதி ஏறிவிடும். அதாவது ஒயில் இருக்கும் இடத்தில் எல்லாம் மணலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. அலுமினியம் 3ஐக்கூட எட்டாது, பெயின்ட் அதற்கும் கீழே. "மண்ணப் போட்டு ஒரு தேய் தேய் மனே, எல்லாம் போயிரும்" என்று கரையில் சொல்வார்கள். போகும்தான். ஒயிலோடு பெயின்ட்டும் போகும்.

ஆகவே இந்த வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் மணலை ஓடவிடுவது, அடுத்து ஒயிலை இளக்குவது, கடைசியாகத் துடைப்பது. தேய்ப்பது என்ற ஒன்று இதில் இல்லை.

மேல் மூடியா, காலா?

பலர் மேல் மூடியைக் கண்ணாடி மாதிரி மினுக்கிவிட்டு, காலைக் கம்பிப் பிரஷால் சுரண்டுவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். மேல் மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். அதில் கீறல் விழுந்தால் அழகு மட்டும்தான் குறையும். தண்ணீருக்குள் இறங்கும் கால் அலுமினிய வார்ப்பு. அதன் மேல் பிறைமர், அதற்கு மேல் நிறம், பல இஞ்சின்களில் அதற்கும் மேல் ஒரு தெளிந்த பூச்சு. இந்தப் படைகள் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டால் உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தொடும். அங்கே வெள்ளைத் தூள் பூக்கும். அந்தத் தூள் பக்கத்து பெயின்ட்டுக்கு அடியால் புகுந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பும். வாவியில் மட்டும் ஓடுகிற இஞ்சினுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு வாவி முகத்துவாரம் வழியாகக் கடலோடு கலக்கிறது. அதன் தண்ணீரும் உவர்தான்.

இது எந்த ஒயில்?

கழுவ முதல் விரலால் தொட்டு, மணந்து பாருங்கள். எந்த ஒயில் என்று தெரிந்தால்தான் கழுவுவதோடு முடியுமா, சீல் (ஒயில் கசியாமல் தடுக்கும் இறப்பர் வளையம்) மாற்றவும் வேண்டுமா என்று தெரியும்.

புகை வெளியேறும் சின்னத் துவாரத்துக்குக் கீழேயும் புறொப்பெலரின் நடுவிலும் கறுப்பாக, கரியோடு வழிந்திருந்தால் அது டூ ஸ்ட்ரோக் இஞ்சினின் எரியாத ஒயில். அந்த இஞ்சினுக்கு இது இயல்புதான். மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின்களில் கரி இன்னும் தடிப்பாகப் படியும். எக்கச்சக்கமாக வழிந்தால் ஒயில் கலக்கும் அளவையும் பிளக்கையும் பாருங்கள்.

மெல்லியதாக, பெற்றோல் மணத்தோடு, பெற்றோலில் கலக்கும் டூடி ஒயிலின் நிறச் சாயலில் மூடிக்கு அடியால் கசிந்தால் அது எரிபொருள் கலவை. காபரேட்டர், குழாய்ப் பொருத்து, எரிபொருள் வடிகட்டி ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து வருகிறது. இதை முதலில் நிறுத்திவிட்டுத்தான் கழுவ வேண்டும்; தீ அபாயம் உள்ள கசிவு இது.

தடிப்பாக, விரலில் வழுவழுத்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட மணம் வந்தால் அது கியர் ஒயில். புறொப்பெலர் பக்கமோ, காலின் கீழ் ஆணிப் பக்கமோ இருக்கும். கழுவியதும் இதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

எதைப் பாவிக்கலாம், எதைத் தொடக்கூடாது

பாத்திரம் கழுவும் திரவம் போதும். பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, பெயின்ட்டுக்கு மெதுவானது, கொழுப்பை எடுக்கவென்றே செய்தது. வாகனம் கழுவும் ஷாம்பு இருந்தால் அதுவும் நல்லது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் சலவைத்தூளும் காரத்தன்மை கூடியவை. ஒருமுறை கழுவினால் ஒன்றும் ஆகாது. கிழமைக்குக் கிழமை பாவித்தால் பெயின்ட்டின் மினுக்கம் செத்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறிவிடும்.

மண்ணெண்ணெய்க்கு இதில் ஒரு இடம் உண்டு, ஆனால் சின்ன இடம். இறுகிய ஒயிலுக்கு, துணியில் நனைத்து, சில நிமிடத்துக்கு மட்டும். வாளியில் ஊற்றி பிரஷால் முழு இஞ்சினையும் குளிப்பாட்டுவது வேண்டாம். இறப்பர் குழாய்களையும் சீல்களையும் அது ஊதவைக்கும். ஸ்டிக்கரின் பசையை இளக்கும். பிறகு ஒரு மெல்லிய பிசுக்கை விட்டுப்போய், அதில் மறுநாளே புழுதி ஒட்டும்.

தின்னர், அசற்றோன், பிரேக் ஒயில் மூன்றும் பெயின்ட்டைக் கரைக்கும். பெற்றோல் கொஞ்சம் மெதுவாகக் கெடுக்கும், ஆனால் அதன் ஆவி தீப்பற்றும் என்பதால் அதையும் தவிருங்கள். கோஸ்டிக் சோடா சேர்ந்த அடுப்புக் கிளீனர், அடைப்பு நீக்கும் தூள் போன்றவை அலுமினியத்தையே அரிக்கும். வெளுக்கும் திரவமும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் தேசிக்காயும் இதற்குச் சரிவராது.

தேய்க்கும் சாமான்களில் இரும்புத் தும்பு, பச்சைத் தும்பு, கம்பிப் பிரஷ், தேங்காய்த் தும்பு நான்கையும் ஒதுக்கி வையுங்கள். இரும்புத் தும்பு இரட்டைக் கேடு. கீறிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளையும் விட்டுப்போகும். அது துருப்பிடித்து செம்புள்ளியாக வரும். மெல்லிய பருத்தித் துணிதான் சரி. தோய்த்துத் தோய்த்து இளகிய பழைய சாரம் இந்த வேலைக்கு அருமை. பொத்தான் உள்ள சேட்டு என்றால் பொத்தானை வெட்டிவிடுங்கள். மூலைமுடுக்குகளுக்கு மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷ்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கடலை ஒட்டிய கிணறுகள் சிலவற்றில், வெயில் காலத்தில் தண்ணீர் உவர்க்கும். சவர்க்காரம் நுரைக்காது, காய்ந்ததும் வெள்ளைத் தடம் விழும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவைத்துப் பாருங்கள். தடம் தெரிந்தால் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கடைசி அலசலுக்காவது எடுங்கள்.

முதலில் இடம்

இஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். காலை நேரம், வேப்பமரமோ பூவரசோ தரும் நிழல். வெயிலில் நின்றால் சவர்க்காரத் தண்ணீர் நீங்கள் அலச முதலே காய்ந்து கோடு போட்டுவிடும்.

இஞ்சினை மரச் சட்டத்தில் நிமிர்த்திப் பொருத்துங்கள். படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் நிமிர்த்தி வைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை முழுக்க வடியவிடுங்கள். தலைப்பக்கம் புறொப்பெலரைவிடத் தாழக்கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கைநூலில் காட்டிய பக்கமாக மட்டும் படுக்க வையுங்கள், மற்றப் பக்கம் வைத்தால் ஒயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

எரிபொருள் குழாயைக் கழற்றுங்கள். பற்றரி இருந்தால் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அவசர நிறுத்தக் கயிற்றை எடுத்துப் பைக்குள் போடுங்கள். சுருட்டும் பீடியும் தூரமாக.

அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் இப்போதே பாருங்கள். எங்கள் கரையோரம் முழுக்க மணல். கிணறுகள் ஆழம் குறைந்தவை. மணலில் ஊற்றும் ஒயில் தண்ணீர் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. வாவியிலோ கடலிலோ ஊற்றுவது மீன்பிடிக்கிற எங்கள் தலையில் நாங்களே மண் போடுவது. கடலில் ஒயில் விடுவது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட. தடித்த ஒயிலைத் துணியாலும் பேப்பராலும் ஒற்றி எடுத்து ஒரு பேணியில் சேருங்கள். இஞ்சினுக்குக் கீழே அகலமான பேசினை வையுங்கள். சேரும் கழிவு ஒயிலை, பழைய ஒயில் எடுக்கும் வாகனக் கராஜில் கொடுத்துவிடலாம்.

கழுவுதல்

மேல் மூடி பூட்டியபடியே இருக்கட்டும். குழாயில் மெதுவான ஓட்டத்தில், அல்லது வாளியில் கோப்பையால் அள்ளி, மேலிருந்து கீழே தண்ணீர் விடுங்கள். துணி போட வேண்டாம், கை வைக்க வேண்டாம். மணலும் உப்பும் தானாக ஓடட்டும். வள்ளத்தின் பின்பலகையைப் பிடிக்கும் கவ்விப் பகுதி, புறொப்பெலருக்கு மேலே உள்ள தட்டையான தகடு, தண்ணீர் உறிஞ்சும் சல்லடை, இந்த மூன்று இடத்திலும் மணல் ஒளிந்திருக்கும். தண்ணீர் தெளிவாக வடியும்வரை விடுங்கள். அவசரப்படுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

வாகன சேர்விஸ் நிலையத்து அழுத்தக் குழாய் பற்றிக் கேட்பார்கள். தூரத்திலிருந்து விசிறிப் பிடித்தால் காலுக்குப் பரவாயில்லை. கிட்டப் பிடித்தால் சீலுக்குள் தண்ணீர் ஏறும், ஸ்டிக்கரின் ஓரம் எழும்பும், ஏற்கெனவே தளர்ந்த பெயின்ட் செதிலாகப் பறக்கும். இரண்டு வாளித் தண்ணீரில் முடிகிற வேலைக்கு அது தேவையில்லை.

இப்போது 5 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி திரவம். இளஞ்சூட்டுத் தண்ணீர் என்றால் ஒயில் சுலபமாக இளகும், கொதிநீர் வேண்டாம். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சவர்க்காரம், மற்றதில் வெறும் தண்ணீர். துணியைச் சவர்க்காரத்தில் நனைத்துக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் அழுக்கு நீர் உலர்ந்த பெயின்ட்டில் கோடாக இறங்கி, அந்தக் கோடு நிற்கும். பூசிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். ஆனால் காயவிடாதீர்கள்.

அப்புறம் துடைப்பு. துணியை நாலாக மடித்து, ஒரு முகத்தால் ஒரே பக்கமாக ஒரு இழுப்பு. துணியைத் திருப்பி, அடுத்த முகத்தால் அடுத்த இழுப்பு. எல்லா முகமும் கறுத்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலம்பிப் பிழிந்து, அதற்குப் பிறகுதான் சவர்க்கார வாளிக்குள் விடுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் துணியில் சிக்கிய ஒரு மணல் துணுக்கே முழு மூடியிலும் வளையக் கீறல் போட்டுவிடும். கறுப்பு நிற இஞ்சின்களில் இது வெயிலில் பளிச்சென்று தெரியும்.

நுரை முழுக்கப் போகும்வரை மேலிருந்து அலசுங்கள். விரலால் தடவிப் பாருங்கள்: சுத்தமான பெயின்ட்டில் விரல் கிறீச்சிடும், ஒயில் மிச்சமிருந்தால் வழுக்கும். வழுக்குகிற இடத்துக்கு மட்டும் இன்னொரு சுற்று.

காய்ந்து இறுகிய கறை

புகைத் துவாரத்தைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக, வார்னிஷ் போல இறுகிய கறை சவர்க்காரத்துக்கு அசையாது. இதற்கு நான் முதலில் எடுப்பது தேங்காய் எண்ணெய். எண்ணெயை எண்ணெய்தான் இளக்கும். பெயின்ட்டுக்கு ஒரு கெடுதியும் இல்லை. துணியில் தாராளமாக நனைத்துக் கறை மேல் ஒட்டி, பொலித்தீனால் மூடி, அரை மணித்தியாலம் விடுங்கள். எடுத்துத் துடைத்தால் பழுப்பு நிறம் துணிக்கு வரும். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெயை எடுங்கள். பிய்ந்த ஸ்டிக்கரின் பசைக்கும் இது கேட்கும்.

அதற்கும் அசையாவிட்டால் மண்ணெண்ணெய். ஆனால் முதலில் ஒரு சோதனை. கவ்விக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெள்ளைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். துணியில் கறுப்பு அழுக்கு வந்தால் பிரச்சினை இல்லை. இஞ்சினின் நிறமே துணிக்கு வந்தால் நிறுத்துங்கள். ஒன்றில் அது பிறகு யாரோ ஸ்பிரே அடித்த பெயின்ட், அல்லது வெயிலில் செத்துத் தூளாகிக்கொண்டிருக்கும் பெயின்ட். இரண்டாம் கையாக வாங்கிய இஞ்சின்களில் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது விற்றவருக்குத்தான் வெளிச்சம். அப்படியான இஞ்சினுக்குச் சவர்க்காரமும் பொறுமையும் மட்டும்.

சோதனையில் தப்பினால், கறையில் மட்டும் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து எடுத்து, உடனே சவர்க்காரம் போட்டு அலசுங்கள். நகத்தாலோ, பழைய வங்கி அட்டையின் ஓரத்தாலோ இளகியதைத் தள்ளலாம். கத்தி நுனி வேண்டாம். இவ்வளவுக்கும் போகாத மெல்லிய மஞ்சள் நிழல் பெயின்ட்டுக்குள்ளேயே ஏறியது. அதை விட்டுவிடுங்கள். அதைத் துரத்தப்போய்த்தான் பலர் அலுமினியத்தையே காண்கிறார்கள்.

மூடிக்குள்ளே

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மெல்லிய ஒயில் படலம் இருக்கும். அதில் பாதி நல்லதுதான், துருவைத் தடுக்கிறது. மணலும் பிசுக்கும் சேர்ந்த இடத்தை மட்டும் எடுங்கள். இங்கே தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒற்றி, வெறும் ஈரத் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. காற்று உறிஞ்சும் வாயையும் வயர் முனைகளையும் சொப்பிங் பையால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். பிளக் வயர் கழராமல் இருக்கட்டும்.

மூடியைப் போடாமல் நிழலில் ஒரு மணித்தியாலம் காயவிடுங்கள். பிறகு டபிள்யூடி 40 போன்ற ஸ்பிரேயை உலோகப் பகுதிகளுக்கு இலேசாக அடிக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கின் பெல்ட்டில் படக்கூடாது. அதன் ஆவி போகும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

காய்ந்த பிறகு

வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, வாகனத்துக்குப் போடும் மெழுகு பொலிஷ் ஒரு மெல்லிய படை பூசுங்கள். பெயரில் கொம்பவுண்ட் என்று இருந்தால் வாங்காதீர்கள், அது அரைக்கும் சாமான். மெழுகுப் படை இருந்தால் அடுத்தமுறை ஒயில் சவர்க்காரத்துக்கே கழன்று வரும். கரையில் பலர் இதற்குப் பதிலாகக் கழிவு ஒயிலையோ டீசலையோ பூசுகிறார்கள். மினுங்கும்தான், அன்று பின்னேரம்வரை. பிறகு மணல் முழுக்க அதில் ஒட்டி, எடுத்த வேலை திரும்பவும் வந்து நிற்கும்.

காலில் பொருத்தியிருக்கும் சிங்க் கட்டிக்கு மெழுகு, கிறீஸ், பெயின்ட் எதுவும் படக்கூடாது. அலுமினியத்துக்குப் பதிலாக அது கரையத்தான் வைத்திருக்கிறார்கள், மூடினால் கரையாது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கிறீஸ் அடிக்கும் முனைகளில் பழைய கிறீஸைத் துடைத்துவிட்டுப் புதிது ஏற்றுங்கள்.

பெயின்ட் பெயர்ந்த இடம் கண்ணில் பட்டால் வெள்ளைத் தூளை 320 இலக்க நீர் எமரித் தாளால் அந்த இடத்தில் மட்டும் எடுத்து, அலுமினியத்துக்குரிய பிறைமரும் அதற்கு மேல் நிறமும் அடியுங்கள். வள்ளத்தின் அடிக்குப் பூசும் செம்பு கலந்த பெயின்ட்டை இஞ்சின் காலுக்குப் பூசாதீர்கள். செம்பும் உப்பு நீரும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

முழுக் கழுவலை வருடத்தில் ஒருமுறை செய்தால் போதும். வாடைக் காற்றுத் தொடங்கி வள்ளங்கள் கரையேறும் நாட்கள் அதற்குத் தோது. மற்ற நாட்களில் தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கியர் ஒயில் திரும்ப வந்தால்

கழுவிக் காய்ந்த கால்தான் கசிவு தேடச் சரியான கால். முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து, கீழ் ஆணி, மேல் ஆணி, கியர்பொக்ஸ் பொருத்துக் கோடு, புறொப்பெலர் தண்டு சுற்றிவர மெல்லியதாகத் தூவுங்கள். இஞ்சினை நிமிர்த்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பவுடர் கறுத்து ஈரமான இடம்தான் கசிகிற இடம்.

ஆணி என்றால் அதன் வாசரை மாற்றினால் போதும், சில்லறைச் செலவு. தண்டுப் பக்கம் என்றால் புறொப்பெலரைக் கழற்றிப் பாருங்கள். அங்கே சுற்றி இறுகிய தங்கூசியை (நைலோன் நூலை) காண்பதற்கு வாய்ப்பு அதிகம். வலை வெட்டுப்பட்டு மிதக்கும் தங்கூசி தண்டில் சுற்றி, சூடேறி, சீலின் உதட்டை அறுத்துவிடும். கழற்றும்போது வாசர்கள் எந்த ஒழுங்கில் வந்தன என்று வரிசையாக வையுங்கள், அல்லது ஃபோனில் ஒரு படம் எடுங்கள்.

பிறகு கீழ் ஆணியை மெதுவாகத் தளர்த்திக் கொஞ்சம் ஒயிலை வெள்ளைப் பேப்பரில் விடுங்கள். காந்த முனையுள்ள ஆணியில் மெல்லிய உலோக மாவு இருந்தால் பயமில்லை. செதில் இருந்தால் உள்ளே பல்லுச் சக்கரம் தேய்கிறது. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த இஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, பெரும்பாலான இஞ்சின்களில் தண்டுக்கு இரண்டு சீல் முதுகோடு முதுகு சேர்ந்திருக்கும், இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். சீல் உரசுகிற இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கவும் சொல்லுங்கள். நகம் மாட்டினால் புது சீல் போட்டும் கசியும்.